மூச்சு வாங்குகிற இடம்

எங்கள் ஊர் மினி பஸ்ஸில் காலையில் ஏறுகிற எல்லோரும் பாடுவார்கள். பாட வராதவர்கள்தான் ரொம்பச் சத்தமாகப் பாடுவார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள், மில்லுக்குப் போகிறவர்கள், கடலைமிட்டாய் பாக்கெட் போடப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று இடைசெவல் தாண்டுவதற்குள் வண்டி பிதுங்கிவிடும். டிரைவர் அண்ணாச்சி சாவியைத் திருப்பும்போதே பாட்டும் கிளம்பும். பல்லவி வந்ததும் பஸ் மொத்தமும் வாயைத் திறக்கும். மதினி மட்டும் திறக்க மாட்டாள்.

அவள் காத்திருப்பாள். கடைசி சீட்டில் ஜன்னலோரம், மடியில் தூக்குவாளி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாடுகிறவன் உருகி உருகி ஒரு வரியை முடித்து நிறுத்துவான் இல்லையா, அப்போது பின்னால் நாலைந்து பெண்கள் சேர்ந்து ‘லாலலா’ என்றோ ‘தந்தன தந்தன’ என்றோ ஒரு இழுப்பு இழுப்பார்களே, அதற்குத்தான் அவ்வளவு காத்திருப்பு. அது வந்ததும் மதினி அவர்களோடு சேர்ந்துகொள்வாள். அது முடிந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த லாலலா வருகிறவரை நீங்கள் தலைகீழாக நின்றாலும் அவளிடமிருந்து ஒரு வரி வாங்க முடியாது.

எனக்கு அவள் ரத்த சொந்தமெல்லாம் இல்லை. எதிர்வீட்டு அண்ணனைக் கட்டி வந்தவள், அதனால் மதினி. தெருவில் பாதிப் பேருக்கு மதினி, மீதிப் பேருக்குச் சித்தி. சொந்தப் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் புழங்கியது. நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தேன். அவள் தீப்பெட்டி ஆபீசில் பண்டல் கட்டினாள். போக வர ஒரே பஸ் என்பதால் அவள் பக்கத்து சீட்டு எனக்கு என்று ஆகிவிட்டது.

“ஏன் மதினி, முன்னால பாடுததப் பாடுனா யாரு ஒங்கள அடிக்கப் போறா” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதைத்தான் பஸ்ஸே பாடுதே. பாடுதவன் ஒரு எடத்துல மூச்சு வாங்கணும்லா. அந்த எடத்தச் சும்மா விட்டா பாட்டு குழில எறங்கின வண்டி மாதிரி தொபுக்குனு விழுந்துரும். அங்கனதான் எனக்கு வேல” என்றாள்.

பாட்டுக்குப் பேர் சொல்லிக் கேட்க அவளுக்குத் தெரியாது. யார் நடித்தது, யார் பாடியது, எந்தப் படம், ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. “அண்ணாச்சி, மழைக்கு ஓடியாறவிய மாதிரி ஒரு லாலலா வருமே, அதப் போடுங்க” என்பாள். “கெணத்துக்குள்ள இருந்து கூப்புடுத மாதிரி ஓஓன்னு வருமே, அது இல்லையா” என்பாள். அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே சரியாகப் போடுவார். அவருக்கும் பழகிப் போயிருந்தது. ஒரு பாட்டில் பின்னால் பாடுகிற பெண்களில் ஒருத்திக்குச் சளி பிடித்திருக்கிறது என்பது மதினியின் கண்டுபிடிப்பு. நான் எத்தனையோ தடவை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் எனக்கு ஒரு சளியும் கேட்கவில்லை. அந்தப் பாட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். மதினிக்கு ஒவ்வொரு தடவையும் கவலைதான். “பாவம், காய்ச்சலோட வந்து பாடிட்டுப் போயிருக்கா. வீட்டுல கசாயம் வச்சிக் குடுத்தாவளோ என்னமோ” என்பாள்.

ஒருநாள் காலேஜ் பிள்ளை ஒருத்தி தன் போனை அண்ணாச்சியிடம் கொடுத்து, பழைய பாட்டு ஒன்றைப் புதிதாக யாரோ பாடியிருக்கிறார்கள், போடுங்கள் என்றாள். ஒற்றை கிடார், ஒற்றை ஆள். நன்றாகத்தான் பாடினான். பல்லவி முடிந்து லாலலா வர வேண்டிய இடம் வந்தது, வரவில்லை. கிடார் மட்டும் டொய்ங் டொய்ங் என்றது. மதினி திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள்.

“என்னட்டி, பின்னால ஒரு ஆளையும் காணும். வீட்டுல எல்லாரும் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாவளா” என்றாள்.

பஸ்ஸே சிரித்தது. அடுத்த தடவை அந்த இடம் வந்தபோது அவள் பொறுக்கவில்லை. தானே அந்த லாலலாவைப் பாடினாள், எந்தப் பெண்களும் துணைக்கு இல்லாமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. அவள் குரல் அப்படியொன்றும் தேன் இல்லை. ஆனால் அந்தப் பையனின் பாட்டு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கே தெரிந்தது. அன்று மற்றவர்கள் யாரும் பாடவில்லை. இறங்கும்போது அந்தப் பிள்ளை மட்டும், “சித்தி, நாளைக்கும் பாடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பின்பாட்டு பாடுகிறவள் என்று நம் பக்கம் சொன்னால் அது வசவு. ஜால்ரா, ஒத்து ஊதுகிறவள் என்று அர்த்தம். மதினியையும் அப்படிச் சொன்னார்கள். யார் பேசினாலும் பக்கத்தில் நின்று ‘ம்’ கொட்டுவாள், அதனால். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஜால்ராக்காரன் பாட்டு முழுக்கத் தட்டுவான். இவள் அப்படியா. ஒரு தடவை கிராம சபைக் கூட்டத்தில் என் அப்பா தெருக்குழாய் பற்றிப் பேச எழுந்தார். அப்பாவுக்கு ஆடுகளோடு பேச வரும், செடிகளோடு பேச வரும், நாலு மனுஷர் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். “எங்க தெருக் கொழாயில...” என்றார். நின்றுவிட்டார். யாரோ சிரித்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து மதினி, “சொட்டுத் தண்ணி இல்ல, ஆமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு, மோட்டார், வால்வு, டேங்க் ஆபரேட்டர் என்று கடைசிவரை பேசி முடித்தார்.

“ஒங்கய்யா பேசினாரா, எதிர்வீட்டுக்காரி பேசினாளா” என்று பிறகு ஒருத்தர் கேலி பண்ணினார். அப்பாவே பதில் சொன்னார். “நான்தான் பேசினேன். நான் நின்ன எடத்துல அவ கொஞ்சம் நின்னுக்கிட்டா.”

போனில் பேசினாலும் அவளுக்கு நாம் சொல்கிறது இரண்டாம்பட்சம்தான். “பின்னால என்னட்டி சத்தம்? மிக்ஸியா? பிளேடு மழுங்கிட்டு போல” என்பாள். “பின்னால யாரு அழுதது? பச்சப்புள்ளையாட்டு இருக்கே” என்பாள். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்லிக்கொண்டிருப்போம், அவள் பின்னால் கத்துகிற காக்காயைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எனக்குக் குளத்தூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது. மாப்பிள்ளையின் அப்பா உப்பளத்துக்கு லாரி பிடித்துவிடுகிற புரோக்கர். பேசியே பிழைக்கிறவர், அவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று மதினிதான் காபி கொண்டுபோனாள். அவர்கள் கிளம்பிப் போனதும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“ஒங்க மாமனாராவப்போறவியகிட்ட ஒரு பழக்கம் இருக்கு, கவனிச்சியா? நல்லத முதல்ல சொல்லுதாவ. பொறவு தண்ணி குடிக்காவ. அதுக்குப் பொறவுதான் ‘ஆனா’ வருது. வீடு காத்தோட்டமா இருக்குன்னாவ, ஒரு மடக்கு தண்ணி, ஆனா ரோடு சரியில்லன்னாவ. பொண்ணு லெச்சணமா இருக்குன்னாவ, ஒரு மடக்கு தண்ணி, ஆனா கொஞ்சம் மெலிவுன்னாவ.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடுத்த வாரம் வரைக்கும் நிலைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அப்பா நினைப்பதாகத் தரகர் வந்து சொன்னார். “நீங்க ஒண்ணும் எதுத்துப் பேசாதீக. சபையில அவிய சொல்லுததக் கேட்டுக்கிட்டு, தட்ட மாத்திருங்க” என்று அப்பாவுக்குப் புத்தியும் சொன்னார். மாப்பிள்ளை நல்லவர். என்னிடம் போனில், “நீ வேலைக்குப் போனாத்தான் எனக்குச் சந்தோசம். எங்கப்பா முன்னால நான் இதுவரைக்கும் வாயத் தொறந்ததில்ல” என்றார். அப்பா, “பேசிப் பாக்கேன்” என்றார். அவர் பேசிப் பார்க்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா. முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப் போயிருந்தது. இதையும் கெடுத்தவள் என்ற பேரை நான் வாங்கத் தயாராக இல்லை.

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மதினியிடம் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னேன். “வேலைய விட்டுரச் சொல்லுதாவளாம் மதினி. விட்டுருதேன். அதுல என்ன இருக்கு.”

மதினி தலையைச் சாய்த்துக் கேட்டாள். “இது முன்னால பாடுதது. பின்னால என்ன ஓடுது?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கே எரிச்சலாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த நாள், செருப்பில் கரிசல் அப்பியிருந்தது. அதைக் கல்லில் தேய்க்கிற சாக்கில் குனிந்துகொண்டு சொன்னேன். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது என்றேன். வயசாளிகளுக்கு நரம்பு ஓடி ஒளிந்துகொள்ளும், தடவித் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுப்பேன், அவர்கள் ‘அதுக்குள்ள முடிஞ்சிட்டா’ என்று கேட்பார்கள், அதைக் கேட்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை என்றேன். “வலிக்காமக் குத்துத பொண்ணு வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டு வாராவ மதினி. நாளைக்கு அவிய வந்து கேட்டா லேபுல என்ன சொல்லுவாவ” என்றேன்.

“ம்” என்றாள். பஸ் வந்தது. அன்று அவள் எந்த லாலலாவுக்கும் வாயைத் திறக்கவில்லை.

இங்கே குலவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு உட்காருகிற சபையில் ஒரு வார்த்தை முடிவானால், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போடுவார்கள். குலவை கேட்டதும் பெண்ணைப் பெற்றவர் தட்டைத் தூக்கி நீட்ட வேண்டும், மாப்பிள்ளையைப் பெற்றவர் வாங்கிக்கொள்ள வேண்டும். குலவை விழுந்த பேச்சைத் திருப்பி எடுப்பது வீட்டுக்கு ஆகாது. மதினி நன்றாகக் குலவை போடுவாள், ஆனால் ஒருநாளும் முதலில் எடுத்ததில்லை. அம்மன் கோயில் முளைப்பாரியில்கூட, “யாராவது எடுங்க, நான் பின்னால வாரேன்” என்றுதான் நிற்பாள்.

நிச்சயத்தன்று எங்கள் வீட்டு முன்னறையில் ஜமக்காளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அடுத்த அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் இருந்தார். நான் பட்டுச்சேலையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்றேன். மதினி எனக்கு முன்னால் நிலைப்படியில் சாய்ந்திருந்தாள். ஒரு பிள்ளை சிணுங்கியதற்கு, “செத்த சத்தங்காட்டாம இருங்க” என்று கையைக் காட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பஸ்ஸில் சாய்வது போலவே.

மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பித்தார். அவர் ஊர், அவர் தாத்தா, உப்பு விலை, லாரி வாடகை எல்லாம் சுற்றி வந்தார். அப்பா அவருக்கு எதிரே வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது பேசலாமா, அப்புறம் பேசலாமா என்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா என் பேச்சுக்கு வந்தார்.

“பொண்ணு லேபுல வேல பாக்குதா. நல்ல வேல. நாலு பேருக்கு உபகாரமான வேல. எங்க வீட்டுக்கு வந்த பொறவும் தாராளமாப் போகட்டும், நாங்க ஒண்ணும் குறுக்க நிக்கல” என்றார்.

சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

அந்த மடக்கு அவர் தொண்டையில் இறங்குவதற்குள் மதினி குலவை போட்டாள்.

அவள் எடுத்ததும் அவ்வளவு பெண்களும் எடுத்துவிட்டார்கள். குலவை அப்படித்தான், ஒன்று விழுந்தால் மற்றது யோசிக்காது. எங்கள் பெரியம்மா, அத்தைமார், குளத்தூரிலிருந்து வேனில் வந்தவர்கள், எல்லோரும். அறை அதிர்ந்தது. அப்பா பழக்க தோஷத்தில் தட்டைத் தூக்கி நீட்டிவிட்டார். நீட்டிய தட்டை யாராவது வாங்காமல் இருக்க முடியுமா? மாப்பிள்ளையின் அப்பா ஒரு கையில் செம்பும் வாயில் தண்ணீருமாக முழித்தார். செம்பைக் கீழே வைத்தார், தட்டை வாங்கினார், தண்ணீரை விழுங்கினார். தன் வீட்டுக்காரியாவது நிறுத்துவார் என்று எங்கள் வாசலைப் பார்த்தார். எல்லோரையும்விட நீளமாக, கண்ணை மூடிக்கொண்டு குலவை போட்டுக்கொண்டிருந்தது அந்த அம்மாதான். என் மாமியாரை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அந்த நிமிஷத்திலிருந்து.

எல்லாம் ஓய்ந்து சத்தம் அடங்கியபோது பேச ஒன்றும் மிச்சம் இல்லை. சந்தனம் வந்துவிட்டது. அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் புரியவில்லை. புரிந்ததும் பாயாசம் ஊற்றுகிற கரண்டியோடு நின்று தனியாகச் சிரித்தார்.

அடுப்படியில் மதினியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எங்கனயும் முதல்ல எடுக்க மாட்டீங்களே மதினி. இன்னைக்கு மட்டும் எப்படி எடுத்தீங்க” என்றேன்.

“நான் எங்கட்டி எடுத்தேன்? அவியதான எடுத்தாவ. தாராளமாப் போகட்டும்னு எவ்வளவு அழகா எடுத்தாவ. மூச்சு வாங்குத எடம் வந்துச்சு, நான் பின்னால வந்தேன்” என்றாள். சொல்லிவிட்டு, “ஒங்க மாமியாவுக்கு நல்ல கொரலு” என்று சேர்த்துக்கொண்டாள்.

கல்யாணமாகி நான் குளத்தூர் வந்து, விளாத்திகுளத்தில் ஒரு லேபில் சேர்ந்தேன். மதினியின் மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, அண்ணனும் மதினியும் அவனோடு போய்விட்டார்கள். எப்போதாவது போனில் பேசிக்கொள்வோம். பின்னால் தையல் மெஷின் ஓடும். மெஷின்களுக்கும் நடுவில் ஒரு லாலலா இருக்கிறது என்பாள், எனக்குக் கேட்டதில்லை.

போன மாதம் என் மாமனார் லேபுக்கு வந்தார். சர்க்கரை பார்க்க வேறு எங்கேயும் போக மாட்டார். வந்ததும் வராததுமாகக் காத்திருக்கிறவர்களிடம், “குத்துதது எங்க மருமவ, எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது” என்று ஆரம்பித்துவிடுவார். ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தும்போது, திடீரென்று குரலைத் தணித்துக் கேட்டார்.

“அன்னைக்கு நிச்சயத்துல நான் பேசி முடிக்கலங்குதது ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமா” என்றேன். “என்ன சொல்ல வந்தீங்க?”

அவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்து ஒரு மடக்கு குடித்தார். நான் காத்திருந்தேன். மூடியைத் திருகி மூடினார். மடித்த கையைப் பார்த்தார்.

“அட, அது கெடக்கட்டும். இப்பம் எதுக்கு” என்றார். எழுந்து போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து ஆளிடம் உப்பு விலை பேச ஆரம்பித்தார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓரமாகப் போய் மதினிக்குப் போன் போட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் குடித்ததை, மூடியைத் திருகியதை, ‘ஆனா’ வராமலே போனதை. மதினி இடையில் ஒரு ‘ம்’ கூடக் கொட்டவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“மதினி, கேக்கா?”

“கேக்கு, கேக்கு” என்றாள். “ஒனக்குப் பின்னால ஒரு பாட்டையா ரொம்ப நேரமா யாரையோ தேடுதாவ. வலிக்காமக் குத்துத பொண்ண எங்கன்னு கேக்காவ. போனை வையி, போ.”

போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். “வாங்க தாத்தா, உக்காருங்க” என்று கூப்பிட்டேன்.